கோடை முகாமை நிறுத்திய தீர்மானம் குறித்துச் சபைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், சபைக் குழுவின் செயலர், பொருளாளர், மூப்பர்கள் அனைவருக்கும்,

யாங்கூனில் உள்ள நம் தமிழ்ச் சபையின் டிசம்பர் இரண்டாம் ஞாயிறு ஆராதனையில், திருமண ஓலை வாசிப்புக்கும் கல்லறைத் தோட்டச் சந்தா நினைவூட்டலுக்கும் நடுவே, உங்கள் தீர்மானம் ஒன்று வாசிக்கப்பட்டது. சிறுவர், வாலிபர் கோடை முகாம் "தவிர்க்க முடியாத காரணங்களால்" இனி நடைபெறாது என்றும், அதற்குப் பதிலாக ஏப்ரலில் சபை மண்டபத்தில் ஒருநாள் வாலிபர் விழா நடக்கும் என்றும் அது கூறியது. 1996இல் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக முதன்முதலில் அந்த முகாமுக்குப் போனவள் நான். கடந்த பத்தொன்பது ஆண்டுகளாகச் சிறுகுழு நடத்துபவளாகவும் சமையற்கட்டில் கை கொடுப்பவளாகவும் அதில் இருந்து வருகிறேன். என்னையோ என்னோடு ஊழியம் செய்தவர்களையோ ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்கப்பட்ட இந்தத் தீர்மானத்தை ஏற்றுக்கொள்ள என்னால் இயலவில்லை. ஆராதனை முடிந்தபின் செயலர் அவர்களிடம் காரணம் கேட்டேன். சென்ற ஏப்ரலில் நடந்த விபத்து, செலவு, பிள்ளைகளுக்குத் தமிழ் புரிவதில்லை என்று மூன்றைச் சொன்னார். மூன்றையும் பற்றி நான் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

விபத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அன்று பொறுப்பில் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. யாங்கூனுக்கு வெளியே வாடகைக்கு எடுத்த தோட்ட வளாகத்தில் முகாமின் மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிந்திய ஓய்வு நேரத்தில் அது நடந்தது. அறுபத்தொரு பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் ஐந்து பேர் இருந்தோம். இருவர் மறுநாளைக்குக் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார்கள். ஒருவர் காய்ச்சல் கண்ட ஒரு பெண்பிள்ளையை மருந்தகத்துக்கு அழைத்துப் போயிருந்தார். மிஞ்சியது நானும் சமையல் அக்காவும்தான். அந்த நேரத்தில் மூன்று பையன்கள் பின்வேலியின் இடைவெளி வழியாக மீன்குளத்துக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கரைச்சேற்றில் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டான். மற்ற இருவரும் போட்ட கூச்சலில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பர்மியப் பெரியவர் குதித்து அவனைத் தூக்கினார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவன் கரையில் கிடந்தான். அவனுடைய செருப்பு ஒன்று ஆகாயத்தாமரைக்கு நடுவே மிதந்துகொண்டிருந்தது. தண்ணீரைக் கக்கிவிட்டு அவன் அழத்தொடங்கும்வரை அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றும் இரவில் விழிப்புத் தட்டும்போது எனக்கு அந்தச் செருப்பு நினைவுக்கு வருகிறது. என் பங்குப் பிழையை நான் மறுக்கவில்லை.

ஆயினும் அந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். முகாமுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, பெரியவர்கள் பத்துப் பேர் வேண்டும் என்றும், வாடகைக்கு எடுக்கும் இடத்தை இருவர் முன்கூட்டியே போய்ப் பார்க்க வேண்டும் என்றும் எழுத்தில் கேட்டிருந்தோம். அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. ஒரே பேருந்தில் எல்லோரும் அடங்க வேண்டும் என்று சொல்லிப் பத்தை ஐந்தாகக் குறைத்தது சபைக் குழு. அமெரிக்க முகாம் சங்கம் தன் அளவுகோலில், இரவு தங்கும் முகாம்களுக்கு 9 முதல் 14 வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர், 6 முதல் 8 வயதுப் பிள்ளைகள் ஆறு பேருக்கு ஒருவர் என்று வைத்திருக்கிறது. வசதி மிகுந்த நாட்டின் அளவுகோல் நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். ஆனால் குளத்தின் ஆழம் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. எங்களிடம் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் இருந்தோம், அதுவும் கணக்கில்தான். அந்த மதியத்தில் முப்பது பேருக்கு ஒருவராக ஆகிவிட்டோம்.

இதில் என்னை மிகவும் வருத்துவது பிறகு நடந்ததுதான். அந்தப் பையனின் தாயிடம் "இதைப் பெரிதுபடுத்த வேண்டாம், சபையின் பெயர் கெடும்" என்று சொல்லப்பட்டது. சபையாருக்கு இன்றுவரை எதுவும் அறிவிக்கப்படவில்லை. டிசம்பர் அறிவிப்பில்கூட அது "தவிர்க்க முடியாத காரணம்" என்ற போர்வைக்குள் போய்விட்டது. தவிர்த்திருக்கக் கூடிய காரணம் அது, ஐயா.

மறைப்பதால் என்ன விளையும் என்பதை உலகத் திருச்சபை அண்மையில் கண்ணீரோடு பார்த்திருக்கிறது. இங்கிலாந்தில் ஐவர்ன் முகாம்கள் என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவ விடுமுறை முகாம்களில் தலைவராக விளங்கிய ஜான் ஸ்மைத் என்ற வழக்கறிஞர், அங்கே பழக்கமான பையன்களைத் தன் வீட்டுத் தோட்டக் கொட்டகைக்கு அழைத்துக் கொடூரமாகப் பிரம்பால் அடித்து வந்தார். 1982இலேயே சபைத் தலைவர்கள் சிலருக்கு அது எழுத்துமூலம் தெரிந்திருந்தும் காவல்துறைக்குப் போகவில்லை. அவர் 1984இல் ஜிம்பாப்வேக்குக் குடிபெயர்ந்து அங்கும் முகாம்களை நடத்தினார். 1992 டிசம்பரில் அப்படியொரு முகாமில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் பிணமாகக் கிடந்தான். பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போய், 2018இல் எந்த நீதிமன்றத்திலும் தண்டனை பெறாமலேயே அவர் இறந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பையன்களும் இளைஞர்களும் அவரால் துன்புற்றார்கள் என்று இதை விசாரித்து 2024 நவம்பரில் வெளியான மேக்கின் அறிக்கை சொன்னது. அதையொட்டிக் கேன்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். நம் முகாமில் இத்தகைய தீமை நடந்ததாக நான் சொல்லவில்லை. நானறிய நடக்கவும் இல்லை. ஆனால் பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனியாக அறையில் இருக்கக் கூடாது, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம், பிள்ளை சொல்லும் புகாரை ஊழியரல்லாத ஒருவர் கேட்க வேண்டும் என்ற மூன்று விதிகளையாவது எழுதி வையுங்கள் என்று நாங்கள் ஆறு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். ஒரு முறையும் பதில் வந்ததில்லை. விதி எழுதுவதைக் காட்டிலும் முகாமை மூடிவிடுவது எளிது என்று நீங்கள் முடிவு செய்தீர்களோ என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

செலவைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. முகாமின் அரிசி வீட்டுக்கு வீடு அளந்து சேர்கிறது. பருப்பை, சபைக்கு வெளியே உள்ள ஒரு கடைக்காரர், நம் முகாமுக்கு வந்துபோன தன் மகளின் தோழிகளை நினைத்து ஆண்டுதோறும் இலவசமாகத் தருகிறார். ஒருநாள் விழாவுக்கான மேடை, ஒலிபெருக்கி, பின்திரை ஆகியவற்றின் மதிப்பீட்டை வாலிபர் ஐக்கியத்தார் என்னிடம் காட்டினார்கள். சென்ற ஆண்டு முகாமுக்குச் சபை தந்த தொகையைவிட அது குறைவில்லை.

மூன்றாவது காரணத்தைக் கேட்டபோது என்னால் பதில் பேச முடியாமல் போயிற்று. பிள்ளைகளுக்குத் தமிழ் புரிவதில்லையாம். அதனால் பர்மிய மொழியில் ஒருநாள் விழா போதுமாம்.

அவர்களுக்கு எப்படிப் புரியும்? 1965, 1966ஆம் ஆண்டுகளில் மிஷன் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் அரசுடைமையாயின. அயல்நாட்டு மிஷனெரிகள் வெளியேறினார்கள். அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக இலட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறிப் போனார்கள். போகாமல் இங்கேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நம் ஞாயிறு பள்ளியில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம், தெரு, கைப்பேசி எல்லாம் பர்மியம். வீட்டில் பாட்டி இருந்தால் கொஞ்சம் தமிழ் உண்டு. முகாம் ஒன்றில்தான் அவர்கள் காலை எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை தமிழைக் காதால் கேட்கிறார்கள், வாயால் பேசுகிறார்கள், தமிழிலேயே ஜெபிக்கிறார்கள். புரியவில்லை என்பதற்காக மூடுகிறீர்கள் என்றால், புரிய வைத்துக்கொண்டிருந்த ஒரே இடத்தை மூடுகிறீர்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பெகு பக்கத்துச் சிற்றூரிலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் வந்தான். பாடல் நேரத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினான். மூன்றாம் நாள் அவன் நோட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். நம் கீர்த்தனைகள் பக்கம் பக்கமாகப் பர்மிய எழுத்தில் இருந்தன. ழகரம் வரும் இடத்திலெல்லாம் அவனாகக் கண்டுபிடித்த ஒரு சுழி போட்டிருந்தான். பாட்டி சொல்லச் சொல்ல எழுதினானாம். பாட்டி இறந்தபின் எஞ்சிய சரணங்களைச் சொல்ல ஆளில்லை என்றான். அன்றிரவு பாத்திரம் கழுவி முடித்த கல்மேடையில் கரித்துண்டால் அவன் பெயரை எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்துப் பார்த்து ஏழெட்டு முறை எழுதினான். பிறகு தன் பெயருக்குக் கீழே பாட்டியின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டான். முகாமின் கடைசி நாளில், விட்டுப்போயிருந்த சரணங்கள் இரண்டைத் தமிழ் எழுத்தில், தப்பும் தவறுமாக, அவனே எழுதிக்கொண்டு போனான். ஒருநாள் விழாவில், ஒலிபெருக்கியின் இரைச்சலுக்கு நடுவே, இந்தப் பையனின் நோட்டை யார் பார்த்திருப்பார்கள்?

முகாம் என்பது வெளிநாட்டுப் பாணி என்று குழுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதாக அறிந்தேன். இஸ்ரவேல் மக்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் கூடாரங்களில் குடியிருக்க வேண்டும், தங்கள் முன்னோர் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதை வருங்காலத் தலைமுறைகள் அறிய வேண்டும் என்று லேவியராகமத்தில் கட்டளை இருக்கிறதே! பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தால் மட்டும் போதும் என்றிருந்தால் வீட்டிலேயே சொல்லியிருக்கலாம். வீட்டை விட்டு வெளியே வந்து இலைக்கூரையின் கீழ்ப் படுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில், 1868இல், ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர் வேல்ஸ் நாட்டு லான்டட்னோ கடற்கரையில், கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்று மணலில் எழுதி, அதைச் சிப்பிகளாலும் கடற்பாசியாலும் அலங்கரிக்கச் செய்தார். வேதாகம ஐக்கியத்தின் விடுமுறை ஊழியம் அந்த மணலெழுத்திலிருந்து வளர்ந்தது. இந்தச் செய்தி எங்களுக்குத் தெரியாத காலத்திலேயே, மோல்மீனுக்குத் தெற்கே செட்சே கடற்கரையில் முகாம் நடந்த ஆண்டில், எங்கள் ஆசிரியை எங்களைச் சிப்பி பொறுக்கச் சொல்லி, அதே வசனத்தைத் தமிழில் ஆளுயர எழுத்துகளில் மணலில் பதிக்கச் செய்தார். "அன்பாகவே" என்பதில் உள்ள "வே"யின் கொம்பு என் பங்கு. நான் கற்ற முதல் தமிழ் எழுத்து அதுதான்.

அங்கிருந்து சைக்கமிக்கு எங்களை அழைத்துப் போய், 1826இல் இறந்த ஆன் ஜட்சன் அம்மையாரின் கல்லறையையும் காட்டினார்கள். கணவர், அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன், அன்றைய பர்மியத் தலைநகர் ஆவாவில் சிறைப்பட்டிருந்த நாட்களில், பர்மியப் புதிய ஏற்பாட்டுக் கைப்பிரதியை அம்மையார் ஒரு கட்டித் தலையணைக்குள் தைத்துக் கொடுத்ததையும், யாரும் திருட விரும்பாத அந்த முரட்டுத் தலையணைக்குள் அது தப்பிப் பிழைத்ததையும் அன்றிரவு ஆசிரியை சொன்னார். அன்று நாங்கள் எல்லோரும் எங்கள் தலையணையைத் தடவிப் பார்த்துவிட்டுப் படுத்தோம். இந்தக் கதையை ஞாயிறு பள்ளியிலும் நான் சொல்லியிருக்கிறேன்; பிள்ளைகள் கேட்டுவிட்டு மணியைப் பார்ப்பார்கள்.

மணி என்றதும் ஒரு கணக்கு. ஞாயிறு பள்ளி முக்கால் மணி நேரம். தேர்வு, மழை, பண்டிகை எல்லாம் போக ஆண்டுக்கு நாற்பது ஞாயிறு கிடைத்தால் முப்பது மணி நேரம் ஆகிறது. ஆறு நாள் முகாமில் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம் மட்டும் தொண்ணூறு மணி. மூன்றாண்டுப் பழக்கம் ஒரு வாரத்தில் நேர்ந்துவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி பிரசங்கம் இல்லாத நேரம். தட்டுக் கழுவும்போது, தலை பின்னிவிடும்போது, கொசுவலை கட்டும்போது, முகத்தில் பூசும் தனக்காக் கட்டையை அரைக்கும்போதுதான் ஒரு பிள்ளை மெல்ல வாய் திறக்கும். ஒரு பெண்பிள்ளை நான்காம் இரவில், விளக்கணைத்தபின், தன் வீட்டு நிலையைச் சொன்னாள். அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அதைக் கேட்டதால்தான் மறுவாரமே அந்த வீட்டுக்கு உதவி போய்ச் சேர்ந்தது என்பது பொருளாளர் அவர்களுக்குத் தெரியும்.

முகாமை ஏன் ஏப்ரலில் வைத்தோம் என்பதையும் குழு மறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. மார்ச் தொடங்கி மே முடியும்வரை பள்ளி விடுமுறை. நடுவில் தண்ணீர்த் திருவிழா நாட்களில் தெருவெங்கும் குடியும் கூச்சலும் இருக்கும். வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று தவிப்பார்கள். 1898இல் நியூயார்க்கில் ஹாஸ் என்னும் அம்மையார், கோடையில் தெருவில் அலைந்த சேரிப்பிள்ளைகளுக்காக ஒரு மதுக்கூடத்தையே வாடகைக்குப் பிடித்து விடுமுறை வேதப்பள்ளி நடத்தியதும் இதே தவிப்பைக் கண்டுதான். வெயில் கடுமை என்பது உண்மை. 2024 ஏப்ரல் 28 அன்று நம் நாட்டுச் சௌக் நகரில் 48.2 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. அதற்காக முகாம் நாட்களை மார்ச் முதல் வாரத்துக்கு மாற்றலாம், மதிய விளையாட்டை நிறுத்தலாம். இவற்றைப் பேச நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டுகிறேன். 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 முதல் 35 வயது வரையான ஆண்களும் 18 முதல் 27 வயது வரையான பெண்களும் அதில் அடங்குகிறார்கள். எங்களோடு சிறுகுழு நடத்திய இளைஞர்களில் பலர் இன்று தாய்லாந்திலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஆகவே ஊழியத்தின் பாரம் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் தலையில் இறங்கியிருக்கிறது. ஒரு சிறுகுழுவை எப்படி நடத்துவது, அழும் பிள்ளையை எப்படித் தேற்றுவது, ஒரு வேளைச் சாப்பாட்டை அறுபது பேருக்கு எப்படிப் பங்கிடுவது என்பதையெல்லாம் அவர்கள் பழகும் இடம் முகாம். ஊரைவிட்டுப் போகப்போகும் பிள்ளைகளும் அங்கே வருகிறார்கள். போகும் இடத்தில் ஒரு தமிழ்ச் சபையைத் தேடிப் போய் உட்காரும் துணிவு அவர்களுக்கு வேண்டும்; அது ஒருநாள் பாட்டுப் போட்டியில் வராது.

முகாமில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று நான் வாதாடவில்லை. கடைசி இரவுக் கூட்டத்தில் விளக்குகளைக் குறைத்து, இசையை உயர்த்தி, ஒன்பது வயதுப் பிள்ளைகளைக் கூட முழங்காலில் நிறுத்தி அழவைத்து, எத்தனை பேர் கை உயர்த்தினார்கள் என்று எண்ணி அறிக்கை எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. சோர்ந்த உடம்பின் கண்ணீரை மனந்திரும்புதலாக எண்ணக் கூடாது. அப்படிக் கை உயர்த்திய பிள்ளையை ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தபின் ஒருவரும் போய்ப் பார்ப்பதில்லை என்பது அதைவிடப் பெரிய குறை. அதிலும் எனக்குப் பங்கு உண்டு.

ஆகவே சபைக் குழுவினரிடம் நான் கேட்பவை இவை. டிசம்பரில் வாசித்த தீர்மானத்தை நிறுத்தி வைத்து, பிப்ரவரி முடிவதற்குள் பெற்றோரையும் முகாம் ஊழியர்களையும் அழைத்துக் கூட்டம் நடத்துங்கள். இவ்வாண்டு ஆறு நாள் முடியாவிட்டால் நான்கு நாளாவது, பிள்ளைகள் இரவு தங்கும் முகாமாக அது நடக்கட்டும். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற எண்ணிக்கைக்குக் குறைந்தால் பிள்ளைகளின் தொகையைக் குறைப்போம். பெரியவர்களைக் குறைக்க வேண்டாம். இடத்தைப் பற்றி இருவர் நேரில் போய்ப் பார்த்து, நீர்நிலை, வேலி, மருத்துவமனைத் தொலைவு ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே முன்பணம் கொடுக்கப்பட வேண்டும். ஊழியர்களில் மூவராவது முன்னதாகவே முதலுதவிப் பயிற்சி பெற வேண்டும். முதல் ஆளாக என் பெயரைத் தருகிறேன். ஆறு ஆண்டுகளாகக் கேட்டுவரும் பிள்ளைப் பாதுகாப்பு விதிகளைத் தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதி ஆலய வாசலில் ஒட்டுங்கள். தினமும் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துப் பயிற்சி வேண்டும். வேதபாடத்தைப் பர்மிய மொழியில் விளக்கிச் சொல்வதில் எங்களுக்குத் தடை ஏதுமில்லை. முகாமுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையையும் அடுத்த ஆறு மாதங்களுக்கு மாதம் ஒருமுறை சந்திக்கும் பொறுப்பு பெயர் சொல்லி ஒருவருக்குத் தரப்பட வேண்டும்.

சென்ற ஏப்ரலில் நடந்த விபத்தைச் சபையாருக்கு உள்ளபடி அறிவியுங்கள். பையனைத் தூக்கிய அந்தத் தோட்டக்காரப் பெரியவருக்குச் சபையின் பெயரால் நன்றி சொல்லுங்கள். பையனின் தாயைச் சபைக் குழுவின் சார்பில் இருவர் நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒன்பது மாதம் ஆகிறது. அந்த வீட்டுக்கு நீங்கள் ஒருவரும் இன்னும் போகவில்லை.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி,
யாங்கூன்